எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சல் போட்டேன், ஒருவர்கூட பதில் போடவில்லை

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். இப்படிச் செய்யும் குடும்பங்கள் வருடாவருடம் பதிவு செய்ய வேண்டும், அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று ஒரு மசோதா வருகிறது. ஒரு குழுவில் கிடைத்த மாதிரிக் கடிதத்தை எல்லா மக்கள் பிரதிநிதிகளுக்கும் அனுப்பினேன். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. இவர்களிடம் எப்படித்தான் பேசுவது?

பதில்: முதலில் அந்தக் கடிதத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அதிலேயே பாதி விடை இருக்கிறது. உறுப்பினரின் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பெரும்பாலும் அவர் பிரிப்பதில்லை, அவருடைய உதவியாளர்கள்தான் பிரிக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது முகவரியை. இந்த ஆள் நம் தொகுதியா? இல்லையென்றால் கடிதம் ஓரமாகப் போய்விடும். பிரிட்டனில் ஒரு உறுப்பினர் இன்னொருவரின் தொகுதிக்காரர் விஷயத்தில் தலையிடுவதில்லை என்பது எழுதாத விதி, மற்ற இடங்களிலும் நடைமுறை ஏறக்குறைய அப்படித்தான். இரண்டாவது, இதே வாசகங்களோடு காலையில் இன்னும் நாற்பது வந்ததா என்று பார்ப்பார்கள். வந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி ‘எதிர்ப்பு, நாற்பது’ என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆக நீங்கள் அத்தனை பேருக்கு அனுப்பியதில் கணக்கில் வந்தது ஒன்று, அதுவும் வெறும் எண்ணாக.

அதனால் ‘எல்லோருக்கும்’ என்பதை விடுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் ஒருவர் போதும். அடுத்தபடியாக, மசோதாவை ஆராயும் குழு எது என்று பாருங்கள். பல நாடுகளில் இந்தக் குழுக்கள் பொதுமக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கும், அதற்கென்று கடைசித் தேதியும் இருக்கும். அந்தத் தேதிக்கு முன் போய்ச் சேர்ந்த இரண்டு பக்கம், அதற்குப் பிறகு எழுதும் இருபது கடிதத்தைவிட உதவும். வாக்கெடுப்புக்கு முதல் நாள் பதறி எழுதுகிறவர்கள்தான் அதிகம், அந்த நேரத்தில் உறுப்பினர் நினைத்தால்கூடப் பெரும்பாலும் ஒரு சொல்லை மாற்ற முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: அதிகாரம் எந்த மன்றத்திடம் இருக்கிறது? எய்தவன் இருக்க அம்பை நோகிற கதை இந்த விஷயத்தில் நிறைய நடக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுக் கல்வி விதிகளை வகுப்பவை மாநிலங்கள், கனடாவில் மாகாணங்கள். அங்கே மத்திய உறுப்பினருக்கு எழுதினால் அன்பான ஒரு பதில் வரும், அவ்வளவுதான். இந்தியாவில் 1976-ல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தத்தின்மூலம் கல்வி, மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது, 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது, அதற்கான விதிகளை வகுத்து நடைமுறைப்படுத்துவது பெரும்பாலும் மாநில அரசுகள். ஆகவே சட்டமே பிரச்சினையா, விதியா என்பதைப் பொறுத்து ஆள் மாறும். ஜெர்மனி போலப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று இருக்கும் இடத்தில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006-லும் 2019-லும் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்காத நிலையில், ஒரு கடிதத்தில் ஏதாவது நகரும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

இன்னொரு குழப்பம்: வரப்போகிற சட்டத்தைப் பற்றிய கவலையும், இப்போது ஒரு அதிகாரி படுத்தும் பாடும் வேறு வேறு. சட்டம் கேட்காத ஆவணத்தை அதிகாரி கேட்கிறார் என்றால் உறுப்பினரிடம் கல்விக் கொள்கை பேசாதீர்கள். தேதிவாரியாக நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதி, வந்த கடிதத்தின் நகலை இணைத்து, “இதைப் பற்றித் துறைக்கு எழுதி விளக்கம் கேட்டுத் தர முடியுமா” என்று மட்டும் கேளுங்கள். இந்த வேலையில் உறுப்பினர் அலுவலகங்கள் கெட்டிக்காரர்கள். உங்கள் சார்பில் விசாரிக்க எழுத்துப்பூர்வமான சம்மதம் கேட்பார்கள், அதைக் கையோடு கொடுத்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘பொருள்’ என்று போடும் இடத்திலேயே மசோதாவின் பெயர், பிரிவு எண், உங்கள் தொகுதி மூன்றும் வந்துவிட வேண்டும். உதவியாளர் அதைத் தாண்டிப் படிக்காவிட்டாலும் சேர வேண்டிய செய்தி சேர்ந்திருக்கும். உள்ளே ஏறக்குறைய இப்படி:

“நான் உங்கள் தொகுதியில் வசிக்கிறேன். ஆறு வருடமாக என் இரு பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தப் பிரிவின்படி அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வரலாம். புதிய ஆட்கள் திடீரென்று வந்தால் என் இளைய பிள்ளைக்கு அன்று முழுதும் எதுவும் ஓடாது. ‘ஏழு நாள் முன்னறிவிப்புடன், பெற்றோர் சொல்லும் பொது இடத்திலும் சந்திக்கலாம்’ என்று ஒரு திருத்தத்தை ஆதரிப்பீர்களா? உங்கள் நிலையைத் தெரிவித்தால் நன்றி.”

இதில் கவனித்தீர்களா, கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். “வீட்டுக் கல்வியை ஆதரியுங்கள்” என்று கேட்டால் “உங்கள் கருத்தைக் கவனத்தில் கொள்கிறேன்” என்றுதான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பதிவு செய்வதில் உங்களுக்கு உண்மையிலேயே ஆட்சேபம் இருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு அதையே கோரிக்கையாக வையுங்கள், மரியாதைக்காக இல்லாத சம்மதத்தைக் கொடுக்காதீர்கள். நானும் ஆரம்பத்தில் பள்ளிக்கூடங்கள் எப்படிக் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று நாலு பக்கம் எழுதினவன்தான். அந்த உறுப்பினர் பதவிக்கு வருமுன் இருபது வருடம் ஆசிரியராக இருந்தவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பெரும்பாலானவர்கள் தொடாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி மசோதாக்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குழந்தை இருக்கும்: பள்ளிக்குப் போகாததால் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள்ளேயே துன்பப்பட்ட குழந்தை. ஆதரித்து வாக்களிக்கப் போகிறவரின் மனதில் இருப்பது உங்கள் குடும்பம் இல்லை, அந்தக் குழந்தை. அதைப் பற்றிப் பேசாமல் பெற்றோர் உரிமை, சுதந்திரம் என்று மட்டும் எழுதினால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். “அந்தக் கவலை எனக்கும் உண்டு” என்று சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளைகளை வாராவாரம் பார்க்கும் வெளியாட்கள் யார் யார் (மருத்துவர், நீச்சல் பயிற்சியாளர், நூலகர்) என்று இரண்டு வரி எழுதுங்கள். துன்பப்பட்ட அந்தக் குழந்தையின் குடும்பத்தைப் பற்றி ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருந்தால், புதிய சட்டமா வேண்டியிருந்தது, இருந்த புகாரைக் கவனித்திருக்க வேண்டியதா என்றும் கேட்கலாம். கோபமில்லாமல் கேட்க முடியும் என்றால் மட்டும்.

பிள்ளையின் பெயர், படம், மருத்துவக் குறிப்பு எதுவும் கடிதத்தில் வேண்டாம். உங்கள் கடிதம் அமைச்சருக்கோ துறைக்கோ அப்படியே அனுப்பப்படலாம். “அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன்” என்ற வரியும் வேண்டாம். தொகுதி முகவரி கொடுத்தாலே அவருக்குப் புரியும்.

தொலைபேசி எப்போது? வாக்கெடுப்பு நெருங்கி, எழுத நேரமில்லாதபோது. 1994 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரசில் எச்.ஆர். 6 என்ற மசோதாவில் ஆசிரியர் சான்றிதழ் பற்றிய ஒரு பிரிவு வந்தது. அது வீட்டில் சொல்லித் தரும் பெற்றோரையும் கட்டுப்படுத்தும் என்று பயந்து குடும்பங்கள் அழைத்த அழைப்பில் தொலைபேசி இணைப்புகள் திணறிப்போயின. அந்தப் பிரிவை நீக்க 424 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் அத்தனை பேரும் கேட்டது ஒரே பிரிவை நீக்கச் சொல்லி, வாக்கெடுப்புக்கு முன்னால், என்பதையும் பாருங்கள்.

மனுவும் அப்படித்தான். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் இணைய மனுவில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஆனால் 2009 இறுதியில் இங்கிலாந்தின் வீட்டுக் கல்விக் குடும்பங்கள் தொகுதிவாரியாகக் கையெழுத்து வாங்கித் தங்கள் தங்கள் உறுப்பினர் கையாலேயே மனுக்களைச் சபையில் கொடுக்க வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த வழி, கொடுக்கும் உறுப்பினர் அதைப் படித்தாக வேண்டுமே! அவர்கள் எதிர்த்த மசோதாவில் இருந்த பதிவேடு, கண்காணிப்பு பற்றிய பிரிவுகள் 2010 ஏப்ரலில், தேர்தலுக்கு முந்தைய அவசரத்தில், கைவிடப்பட்டன. முழுப் பெருமையும் மனுவுக்கு என்று சொல்ல மாட்டேன், நேரம் தீர்ந்துபோனதும் ஒரு காரணம். 2024 டிசம்பரில் வந்த மசோதாவில் அதே பதிவேடு திரும்ப வந்தது.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பதினைந்து நிமிடம்தான் என்று வைத்துக்கொண்டு இருவராகப் போங்கள், ஒருவர் பேச, ஒருவர் குறித்துக்கொள்ள. உறுப்பினருக்குப் பதில் உதவியாளர் வந்தால் முகம் சுளிக்காதீர்கள், குறிப்பு எழுதிக் கொடுக்கப் போவது அவர்தான். பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கே வர ஆசை என்றால் கூட்டிப் போங்கள், வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்காதீர்கள். சந்தித்துவிட்டு வந்த அன்றே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள், இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே ஒரு கேள்வியை மறுபடி கேளுங்கள்.

“நான் மசோதாவை ஆதரிக்கிறேன்” என்றே பதில் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஆதரிக்கிற உறுப்பினரிடமும் “பெற்றோர் வீட்டுக்குள் விட மறுத்தால், அதை மட்டும் வைத்தே கல்வி சரியில்லை என்று முடிவு செய்வீர்களா என்று அமைச்சரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தருவீர்களா” என்று கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கு அது செலவில்லாத உதவி. அமைச்சர் கையெழுத்தோடு வரும் அந்தப் பதிலைப் பத்திரமாகக் கோப்பில் வையுங்கள், என்றைக்காவது அதிகாரி வாசலில் வந்து நிற்கும்போது எடுத்துக் காட்டலாம்.