சில்கி (பஞ்சு இறகுக் கோழி): அடை, பொரிப்பு, கழுத்துத் திருகல் – கேள்வி பதில்

கேள்வி (வள்ளியூர்): தெர்மகோல் பெட்டி இன்குபேட்டரில் 24 சில்கி முட்டை வைத்தேன். 18ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது 19 முட்டையில் குஞ்சு அசைந்தது. பொரித்தது ஏழுதான். மற்றதெல்லாம் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. கன்ட்ரோலர் 37.5 டிகிரியில்தான் நின்றது. ஆனி மாதம் வைத்தது. என்ன தவறு?

பதில்: வள்ளியூர், ஆனி மாதம் என்றதுமே ஈரப்பதத்தின் மேல்தான் சந்தேகம் போகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பக்கம் ஆனி, ஆடி முழுக்க வறண்டு வீசும். ஃபேன் ஓடும் பெட்டி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. சில்கி முட்டை பெரும்பாலும் 35 முதல் 40 கிராம். முட்டை சிறுத்தால் எடையோடு ஒப்பிட ஓட்டின் பரப்பு கூடுதல், அதனால் நீர் சீக்கிரம் வற்றும்.

ஆனாலும் சந்தேகத்தை மட்டும் நம்பி எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த முறை பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள். உள்சவ்வு பழுப்பேறி, தோல் போலக் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் ஈரம் போதவில்லை. குஞ்சு வீங்கி, பிசுபிசுவென்று நீரோடு இருந்து, காற்றறையும் (முட்டையின் அகன்ற முனையிலுள்ள வெற்றிடம்) சின்னதாக இருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு சாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உடைத்துப் பார்க்காமல் தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதும் குருட்டு வேலை.

முதல் 18 நாள் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. இதைவிட நம்பகமான கணக்கு எடை. பத்து முட்டையில் பென்சிலால் குறி போட்டு, சமையலறைத் தராசில் மொத்தமாக நிறுத்து எழுதி வையுங்கள். 380 கிராம் இருந்தால் ஏழாம் நாள் சுமார் 18 கிராமும், 18ஆம் நாள் சுமார் 45 கிராமும் குறைந்திருக்க வேண்டும், அதாவது 12 சதவீதம். அதைவிட வேகமாகக் குறைந்தால் தண்ணீர்த் தட்டை அகலமாக்குங்கள். ஆழத்தால் பயன் இல்லை, நீர்ப்பரப்புதான் ஈரம் தரும். ஆடிக் காற்றில் தட்டுக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டையும் நிறுத்தி வைக்கலாம்.

மலிவு ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் எட்டு மணி நேரம் வையுங்கள். அது 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மானி ஏழு குறைத்துச் சொல்கிறது. வெப்ப சென்சாரையும் பாருங்கள். அதன் நுனி பல்புக்கு அருகில் இல்லாமல் முட்டை மட்டத்தில் இருக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு மூடியைத் தொடாதீர்கள். சில்கி 20ஆம் நாளே ஓட்டைக் கொத்தத் தொடங்கலாம். கொத்தியபின் 12 முதல் 24 மணி நேரம் சும்மா கிடப்பது வழக்கம். அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள ரத்தக்குழாய் வற்றி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது. ஆசையோடு திறந்து பார்த்தால் ஈரம் ஒரே மூச்சில் வெளியேறி, சவ்வு குஞ்சை இறுக்கிப் பிடித்துவிடும்.

கேள்வி (முக்கூடல்): கரண்ட் இரண்டு மூன்று மணி நேரம் போனால் முட்டை கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. பெட்டியைத் திறக்காமல் மேலே கனமான போர்வை போடுங்கள், காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். கடைசி வாரத்தில் கரு தானே சூடு உண்டாக்கும், அப்போது மூச்சுக்குக் காற்று அவசியம். கரு குளிரைத் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தாங்காது. கரண்ட் வந்ததும் கன்ட்ரோலர் 39-ஐத் தாண்டி ஓடுகிறதா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை): என் சில்கிப் பெட்டை நாலு முட்டை இட்டாலே அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. சிறுவிடை (நாட்டுக்கோழி) முட்டை வைத்துப் பொரிக்கலாமா? எத்தனை வைக்கலாம்? சித்திரை வெயிலில் முட்டையை எத்தனை நாள் சேர்க்கலாம்?

பதில்: தாராளமாக வைக்கலாம். அடைக்கு இதைவிடப் பொறுமையான கோழி கிடைப்பது அரிது. சொந்த முட்டை என்றால் ஏழு எட்டு, நாட்டு முட்டை என்றால் ஐந்து ஆறு. இறக்கைக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் எண்ணிக்கை அதிகம். தினம் ஒரு முட்டை வேறு முட்டையோடு இடம் மாறி, ஒவ்வொன்றாகக் குளிர்ந்து எல்லாமே கெடும்.

சித்திரையில் வீட்டுக்குள் 33 டிகிரி இருக்கும்போது முட்டை சும்மா இருப்பதில்லை. கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். நான்கு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழாக, உமியில் வையுங்கள். கழுவக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வேண்டாம்.

அடைக்குப் பழைய பனையோலைப் பெட்டி நல்லது. அடியில் நாலு விரல் மணல், அதன் மேல் அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும், மேலே வைக்கோல். சில்கியின் அடர்ந்த இறகுக்குள் பேன் புகுந்தால் வெளியே தெரியாது. அடையில் 21 நாள் கிடக்கும் கோழியை அது வாட்டி எடுத்துவிடும். பின்பக்க இறகை இரவில் விலக்கி டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

முட்டைகளை ஒரே நாளில், இருட்டியபின் வையுங்கள். எல்லாவற்றிலும் குறி போடுங்கள், மற்ற பெட்டைகள் வந்து இட்டுவிட்டுப் போகும். தினமும் ஒரு முறை கோழி தானாக இறங்காவிட்டால் நீங்களே தூக்கி இறக்கி, 15 நிமிடம் தீனியும் தண்ணீரும் காட்டுங்கள். பொரிக்கும் முன் வயிற்றுப் பக்கத்து நீள இறகைக் கத்தரித்துவிடுங்கள். நூல் போன்ற அந்த இறகு குஞ்சின் கழுத்தில் சுற்றி இறுக்குவது உண்டு. வருடத்துக்கு இரண்டு அடை போதும். மூன்றாவதாக உட்கார்ந்தால் கம்பித்தரைக் கூண்டில் மூன்று நான்கு நாள் அடைத்து அடையைக் கலைத்துவிடுங்கள்.

கேள்வி (திசையன்விளை): சில்கிச் சேவலை நாட்டுப்பெட்டையோடு சேர்த்தேன். ஒரு குஞ்சுக்குக்கூடப் பஞ்சு இறகு இல்லை. சேவல் விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை, இப்படித்தான் வரும். பஞ்சு இறகு ஒடுங்கு பண்பு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் குஞ்சுகள் எல்லாம் அதை மறைத்து வைத்திருக்கின்றன. அவற்றில் பெட்டைகளைச் சுத்தமான சில்கிச் சேவலோடு சேர்த்தால் ஏறக்குறைய பாதிக் குஞ்சுக்குப் பஞ்சு வரும். சேவலின் தூய்மைக்குக் குஞ்சுகளின் காலைப் பாருங்கள். சில்கியின் ஐந்து விரல் ஓங்கு பண்பு, ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும்; முதல் தலைமுறையிலேயே பெரும்பாலான குஞ்சுகளிடம் தெரிய வேண்டும். தலையிலுள்ள இறகுக் கொண்டையும் அப்படியே.

தோல் கருப்பில் ஒரு விசேஷம் உண்டு. மஞ்சள் அல்லது வெள்ளைக் கால் நாட்டுப்பெட்டையிடம் தோலின் கருமையைத் தடுக்கும் பண்பு இருக்கும். அதை அவள் ஆண் குஞ்சுக்கு மட்டுமே கடத்துகிறாள். ஆகவே இந்தக் கலப்பில் தோல் கறுத்த குஞ்சு பெட்டை, வெளுத்தது சேவல். சுத்தமான சில்கிக்குஞ்சில் ஆணா பெண்ணா என்று தெரிய ஐந்தாறு மாதம் காத்திருக்க வேண்டும்.

கேள்வி (களக்காடு): பெரும்பாலும் கூமுட்டை. சேவல் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: அடர்ந்த இறகு இணைசேர்வதற்குத் தடையாக இருக்கலாம். சேவல், பெட்டை இரண்டுக்கும் ஆசனவாயைச் சுற்றி இரண்டு விரல் அகலம் இறகை வெட்டுங்கள். கண்ணை மறைக்கும் கொண்டை இறகையும் குறைத்துவிடுங்கள். ஒரு சேவலுக்கு ஐந்து பெட்டை போதும். பத்து நாள் கழித்து வரும் முட்டையை அடை வையுங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): ஐப்பசி மழையில் நனைந்த இரண்டு மாதக் குஞ்சுகளில் ஒன்று கழுத்தைத் திருகிப் பின்னால் நடக்கிறது. இன்னும் இரண்டு ரத்தமாகக் கழிகின்றன.

பதில்: முதலில் கூட்டத்தைப் பாருங்கள். பச்சையாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தால் அது வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்). கழுத்துத் திருகலும் அதன் அடையாளமே. உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். செத்ததைப் புதைக்காமல் ஐஸ் வைத்துக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். திருநெல்வேலி அருகே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஒன்று மட்டும் திருகி, மற்றவை தெளிவாக இருந்தால் தலையில் அடியோ வைட்டமின் குறைவோ காரணமாகலாம். பல சில்கிகளுக்கு கொண்டைக்குக் கீழே மண்டையோடு மேடாகி, முழுதாக மூடாமல் இருக்கும். இன்னொரு கோழி ஒரு கொத்து கொத்தினாலே மூளையில் படும். தனிக்கூடையில் வைத்து, வைட்டமின் இ கேப்ஸ்யூலைக் குத்தித் தினம் இரண்டு சொட்டு, கூடவே பி1 உள்ள பி காம்ப்ளெக்ஸ் சொட்டு கொடுங்கள். தலை நிற்காததால் தானாகத் தின்ன முடியாது, தீனியைக் குழைத்து ஊட்ட வேண்டும். தேற இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

ரத்தக் கழிச்சல் ஈரத் தரையில் வரும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் வேலை. சில்கி இறகில் இழைகளைக் கோக்கும் நுண்கொக்கி இல்லாததால் மழைநீர் வழிந்தோடாது, நேராகத் தோல்வரை நனையும். நனைந்ததைத் துணியால் ஒற்றி, பல்புச் சூட்டில் காயவிடுங்கள். தரையில் நனைந்த உமியை அள்ளிவிட்டுப் புது உமி மூன்று அங்குலம் போடுங்கள். மருந்து 20 சதவீத ஆம்ப்ரோலியம் பொடி, லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். ஆம்ப்ரோலியம் பி1-ஐ முடக்கித்தான் காக்சிடியாவைக் கொல்கிறது. ஆகவே கழுத்துத் திருகிய குஞ்சுக்கு அந்தத் தண்ணீரை வைக்காதீர்கள், ரத்தமாகக் கழியும் இரண்டுக்கும் அந்த ஐந்து நாள் பி காம்ப்ளெக்ஸ் கொடுக்காதீர்கள்.