விவாகரத்தின்போது கணவர் பெயரில் உள்ள வீட்டில் மனைவிக்குப் பாதிப் பங்கு உண்டா? சொத்து, வருமான விவரங்களை இருவருமே தெரிவிக்க வேண்டுமா?

முதல் கேள்விக்குச் சட்டம் தரும் பதில், தானாகக் கிடைக்காது என்பதே. இரண்டாவது கேள்விக்கு, ஜீவனாம்சம் கோரும் மனு நிலுவையில் இருந்தால், ஆம், இருவரும்தான். நான் வழக்கறிஞர் அல்ல; கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். 2021-இல் தொடங்கி 2023-இல் முடிந்த என் சொந்த வழக்கில் கற்றுக்கொண்டதையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் வைத்தே எழுதுகிறேன். இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வருவோருக்கே இதில் பெரும்பகுதி பொருந்தும்.

திருமணமானதும் இருவர் சம்பாத்தியமும் பொதுச் சொத்தாகிவிடும் என்ற ஏற்பாடு இந்தியாவில், போர்த்துகீசியச் சிவில் சட்டம் தொடரும் கோவா நீங்கலாக, கிடையாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மற்றபடி கிரயப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அவருடைய சொத்தும் வருமானமும் 24, 25-ஆம் பிரிவுகளின்கீழ் ஜீவனாம்சத் தொகையை முடிவு செய்யும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும், அவ்வளவுதான்.

இதை நான் அறிந்தபோது பல ஆண்டுகள் தாமதமாகியிருந்தது. எங்கள் வீடு 2012-இல் என் கணவர் பெயரில் வாங்கப்பட்டது. கடன் தொகை போதவில்லை என்பதற்காக வங்கிக் கடனில் மட்டும் நானும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டேன். மாதத் தவணை அவர் கணக்கிலிருந்து போகட்டும், மளிகை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்துச் செலவு எல்லாம் என் சம்பளத்தில் நடக்கட்டும் என்று ஒரு மாலையில், காபி குடித்து முடிப்பதற்குள், பேசி முடித்துவிட்டோம். வங்கி அறிக்கைகளை மேசைமேல் பரப்பிப் பார்த்தபோது, வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தராத, வந்த பணத்தையெல்லாம் செலவழித்துத் தீர்த்த பெண்ணாக நான் தெரிந்தேன். ஊரார் பேரேடுகளை ஒத்துப்பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவளுக்குத் தன் வீட்டுக் கணக்கு இப்படித்தான் இருந்தது.

வீட்டைப் பார்த்துக்கொண்டு கணவர் சம்பாதிக்க வழிசெய்த மனைவியின் உழைப்பும் சொத்து வாங்குவதில் மறைமுகப் பங்களிப்பே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் கூறியது. கணவர் சவுதி அரேபியாவில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. மனைவிக்குச் சமபங்கு உண்டென்று தீர்ப்பானது. மகிழ்ச்சியளிக்கும் தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது விவாகரத்து வழக்கு அன்று, தனி நீதிபதி ஒருவர் சொத்துரிமை வழக்கொன்றில் வழங்கியது. அதை மட்டும் நம்பி, பாதி வீடு உறுதி என்று நீங்கள் கணக்குப் போட வேண்டாம்.

நடைமுறையில் எனக்குக் கைகொடுத்தது பிரமாணப் பத்திரம்தான். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகள் அனைத்திலும் இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கி, அதற்கான படிவத்தையும் தீர்ப்போடு இணைத்தது. மனு செய்பவர் மனுவுடனேயே தர வேண்டும். எதிர்த்தரப்புக்கு நான்கு வாரம். இழுத்தடித்துக்கொண்டே போனால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சம்பளம், வங்கிக் கணக்கு, முதலீடு, பூர்வீகச் சொத்தில் உள்ள பங்கு, நகை, வாங்கிய கடன், கொடுத்த கடன் என்று நீளும் அந்தப் படிவத்தில், திருமண காலத்தில் விற்ற அல்லது வேறொருவருக்கு மாற்றிய சொத்துகள் எவை, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கும் இடமும், எதிர்த்தரப்பின் சொத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதும் இடமும் இருக்கின்றன. குடும்பச் செலவு, பிள்ளைகளின் கல்விச் செலவு ஆகியவற்றுக்கான பகுதியில்தான் என் மளிகையும் பள்ளிக் கட்டணமும் முதன்முறையாக எண்களாக எழுத்தில் ஏறின.

அந்தப் படிவத்தை நிரப்பும்போது நானும் நேர்மையாக இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். யாருக்கும் தெரியாமல் கட்டிவந்த ஐந்து லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று இருந்தது; அம்மா வீட்டில் கொடுத்துவைத்த நகையும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு எழுதிக்கொண்டு போனேன். என் வழக்கறிஞர் படித்துப் பார்த்துவிட்டு, "சீட்டு எதுவும் இல்லையாம்மா? குறுக்கு விசாரணையில உங்க பக்கம் ஒண்ணு வெளியே வந்துட்டா, அப்புறம் அவர் பக்கம் நாம எதைச் சொன்னாலும் எடுபடாது" என்றார். பொய்யான பிரமாணப் பத்திரம் தந்தவர்மீது நடவடிக்கை எடுக்க முன்பு இருந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு. 2024 ஜூலைக்குப் பிறகு, அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் 379-ஆம் பிரிவு. அந்தப் பயத்தைவிட அவர் சொன்ன காரணமே எனக்குப் பெரிதாகப் பட்டது. இரண்டையும் சேர்த்தேன்.

அதன் பலன் விரைவில் தெரிந்தது. புறநகரில் என் கணவருக்கு ஒரு மனை இருந்தது எனக்குத் தெரியும். அவருடைய பிரமாணப் பத்திரத்தில் அது இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் போட்டுப் பார்த்ததில், என் வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பத்தொன்பதாம் நாள் அந்த மனை அவருடைய தம்பிக்குத் தான செட்டில்மெண்டாக எழுதப்பட்டிருந்தது. சம்பளச் சான்றையோ வங்கி அறிக்கையையோ மறைத்திருந்தால், ஆவணங்களைக் காட்டச் சொல்லி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் மனு போட வேண்டியிருந்திருக்கும். இங்கே வில்லங்கச் சான்றிதழின் ஒரு பக்கமே போதுமானதாக இருந்தது. மத்தியஸ்த மையத்தில் அதை மேசையில் வைத்ததும் பேச்சின் போக்கு மாறியது. வீடு அவருக்கு, அதன் மதிப்பில் மீதிக் கடன் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான தொகை எனக்கு என்று பரஸ்பர சம்மதத்தில் முடிந்தது.

நகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீதனம் மனைவிக்கே முழு உரிமையுள்ளது. அதைப் பங்கு போடும் பேச்சுக்கே இடமில்லை என்பது 1985-இலேயே தீர்ந்த விஷயம். கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் நகை தொடர்பான வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான். ரசீது இல்லையென்றால் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். அடகுச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவர் தொழிலுக்காக என் பெயரில் வைத்த நகைக்கடனை அவற்றைக் கொண்டே காட்ட முடிந்தது.

பலரும் கோட்டைவிடும் இடம் வீட்டுக் கடன். தவணையை இனி அவரே கட்டுவார் என்று தீர்ப்பில் எழுதினாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டத் தவறினால் இணைக் கடனாளியிடம்தான் வங்கி வரும், உங்கள் கடன் மதிப்பெண்ணும் குறையும். எனவே, கடனை அவர் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, என்னை விடுவித்ததாக வங்கி எழுத்துப்பூர்வமாகத் தரும்வரை இறுதி வாக்குமூலம் கொடுக்க மாட்டேன் என்றேன். கடிதம் வரத் தாமதமானதால் வாய்தா ஒரு மாதம் தள்ளிப்போனது. இத்தனை ஆண்டு பொறுத்தவளுக்கு ஒரு மாதம் அவசரமா என்று அவருடைய உறவினர் ஒருவர் நீதிமன்ற வராந்தாவில் கேட்டார். கடிதம் வந்த மறுநாள் போய்க் கையெழுத்திட்டேன்.