சாய் பல்லவியைக் காட்டி நடக்கும் சண்டை: பத்தாங் பெர்ஜுந்தை அம்மாவுக்குப் பதில்

அக்கா, வணக்கம்.

பெயரையும் தோட்டத்தையும் சொல்லாமல் எல்லாரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்தில் இதே பேச்சு இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அதனால் நானும் அதையே விரும்பினேன்.

உங்கள் கடிதத்தில் சாய் பல்லவி இரண்டு கட்சிக்கும் சாட்சியாக நிற்கிறார். "டாக்டருக்குப் படிச்சிட்டுத்தானே அவங்க நடிக்க வந்தாங்க, நீயும் முதல்ல டாக்டராகு" என்கிறீர்கள் நீங்கள். "டாக்டருக்குப் படிச்சும் நடிக்கத்தானே போனாங்க, அப்புறம் எனக்கு எதுக்கு அத்தனை வருஷம்?" என்கிறாள் ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகள். மகளின் அப்பாவான அண்ணன் செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, இரண்டையும் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் படுத்துவிடுகிறார். நீங்கள் இருவரும் சொல்வது பாதி பாதிக் கதை. முழுக் கதையை வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டு முடிவு தானாகவே பாதி தெளிந்துவிடும்.

சாய் பல்லவி 1992-இல் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் ஒரு படுகர் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்ததும் பள்ளிக்கூடம் போனதும் கோயம்புத்தூரில். அப்பா மத்திய அரசின் வரித்துறையில் அதிகாரி. குரு வைத்து முறையாக நடனம் கற்றவரில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பள்ளி மேடைகளில் ஆடி ஆடியே வந்த ஆட்டம் அது. 2008-இல் விஜய் தொலைக்காட்சியின் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா' போட்டியில் ஆடினார். அடுத்த ஆண்டு தெலுங்கு ஈடிவியின் 'டீ' நடனப் போட்டி. சிறு பிள்ளையாக ஓரிரு படங்களில் கூட்டத்தில் ஒருத்தியாக முகம் காட்டியும் இருந்தார். அந்தத் தொலைக்காட்சி நாட்களில் அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. இன்றைக்கு உங்கள் மகளின் வயது.

இதற்கு அடுத்து அவர் செய்ததைத்தான் மகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு மொழித் தொலைக்காட்சியில் முகம் தெரிந்த பெண், கோவையில் இரவு ரயிலேறினால் காலையில் சென்னையில் இறங்கிவிடக்கூடிய பெண், கோடம்பாக்கத்தில் வாய்ப்புத் தேடி வீடு எடுத்துத் தங்கவில்லை. ஜார்ஜியா நாட்டுக்குப் போய் திபிலீசி அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்தபோது 2014-இல் இயக்குநர் அல்போன்ஸ் புத்திரன் 'பிரேமம்' படத்தில் மலர் டீச்சர் வேடத்துக்கு அழைத்தார். விடுமுறையில் வந்து நடித்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினார். 2015 மே மாதம் படம் வந்து ஊரே மலரைக் கொண்டாடியபோது மலர் இன்னும் மாணவிதான். அடுத்த படமான 'கலி'க்குப் படிப்பிலிருந்து ஒரு மாதம் விடுப்பு எடுத்தார். 2016-இல் பட்டப்படிப்பை முடித்தார். 'ஃபிதா'வில் தெலங்கானா வட்டாரத் தெலுங்கைப் பழகித் தன் குரலிலேயே பேசியது அதற்கடுத்த ஆண்டு.

படம் ஓடிவிட்டது, இனி எதற்குப் படிப்பு என்று அவர் நடுவில் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. நட்சத்திரமாகி ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, 2020 ஆகஸ்டில், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய தகுதித் தேர்வுக்குத் திருச்சிக்கு வந்தார். அன்று மற்ற மாணவர்களோடு அவர் நின்ற படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவின. உங்கள் மகளும் பார்த்திருப்பாள்.

இதில் நான் பெரிதாக மதிப்பது ஒன்று. அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. முகத்தைச் சிவப்பாக்கும் கிரீம் விளம்பரம் ஒன்று பெரிய தொகையோடு வந்தபோது மறுத்தார். பருக்களை மறைக்காமல் அப்பட்டமாகத் திரையில் நின்றார். கதை பிடிக்காவிட்டால் படம் இல்லாமல் சும்மா இருக்கவும் அவர் தயங்கியதில்லை. அவருடைய குணம் அதில் பெரும்பங்கு. ஆனால் பிழைப்புக்கு இன்னொரு வழி கையில் இருந்ததும், வீட்டில் அடுத்த மாதச் செலவு அவர் சம்பளத்தை நம்பி இல்லாததும் அந்தக் குணத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். நடிப்புத் தொழிலில் ஒரு பெண்ணுக்கு அழகையும் திறமையையும்விட முதலில் தேவைப்படுவது மறுக்கக்கூடிய நிலை. படிப்பு வேண்டும் என்று நான் சொல்வது அதற்காக. நடிப்பு கைகொடுக்காமல் போனால் உதவும் என்பதற்காக மட்டும் இல்லை.

ஆனால் அக்கா, அந்தப் படிப்பு மருத்துவமாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

மகளின் முன்னோட்டத் தேர்வு முடிவை அனுப்பியிருந்தீர்கள். தமிழ் ஏ, தமிழ் இலக்கியம் ஏ, சரித்திரம் ஏ, மலாய் ஏ மைனஸ், ஆங்கிலம் பி பிளஸ், கணிதம் பி. அழகான மதிப்பெண். அதே தாளில் இயற்பியல் சி, வேதியியல் டி, உயிரியல் சி, கூடுதல் கணிதம் இ. மருத்துவம் படிக்க வேண்டுமானால் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்-இல் உயிரியல், இயற்பியல், வேதியியல், கணிதம், இன்னொரு பாடம் என்று ஐந்தில் குறைந்தது பி வேண்டும் என்பது மலேசிய மருத்துவ மன்றம் வைத்திருக்கும் அடிப்படைத் தகுதி. இந்த மதிப்பெண்ணோடு வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்று ஒரு முகவர் சொன்னால், அவர் விற்பது இடத்தை மட்டும்தான். திரும்பி வந்து இங்கே பதிவு பெற்று வேலை பார்க்கும் உரிமையை அவரால் விற்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலை மன்றமே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஊழியர் சேமநிதியிலிருந்து ஒரு காசும் எடுக்காதீர்கள். அது நீங்களும் அண்ணனும் உடம்பைக் கொடுத்துச் சேர்த்த பணம். இடம் கிடைத்தாலும் ஐந்து ஆண்டுப் படிப்பு, இரண்டு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி, அதன் பிறகும் 2016-க்குப் பின் வந்த பல இளம் மருத்துவர்களைப்போல ஒப்பந்த வேலை. விரும்பிப் போகிற பிள்ளைக்கே பாரமான பாதை அது. அம்மாவுக்காகப் போகிற பிள்ளை நடுவழியில் உட்கார்ந்துவிடும். சாய் பல்லவி முடித்தார் என்பதைத்தான் நாம் இவ்வளவு நேரம் பாராட்டினோம். உங்கள் மகள் எதை முடிப்பாள் என்பதே நம் கேள்வியாக இருக்கட்டும்.

எஸ்.பி.எம்-க்குப் பிறகு அரசு நடத்தும் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 முதல் எஸ்.பி.எம்-இல் பத்து ஏ எடுப்பவர்களுக்கு எந்த இனமானாலும் இடம் உண்டு என்று அரசு அறிவித்திருக்கிறது. மகளுக்கு இது பொருந்தாது. மூன்றாம் படிவத்தில் இருக்கும் தம்பிக்காக ஞாபகத்தில் வையுங்கள். தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் அவன் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் 'சென்னை வாய்ப்பு'. டிக் டாக்கில் மகள் ஆடியதைப் பார்த்துவிட்டு ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) பேசியிருக்கிறார். புகைப்படத் தொகுப்புக்கும் பயிற்சிக்கும் நான்காயிரம் வெள்ளி கட்டச் சொல்லியிருக்கிறார், நிறத்தைக் கூட்ட ஊசி போட்டுக்கொள்ளவும் சொல்லியிருக்கிறார். இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உண்மையாக நடிகையைத் தேடுகிறவர் நடிகையிடம் காசு கேட்க மாட்டார். அவர்தான் சம்பளம் கொடுக்க வேண்டியவர். பதினேழு வயதுப் பிள்ளையிடம் பெற்றோருக்குத் தெரியாமல் பேசுகிறவர் எந்தக் கம்பெனி அட்டை காட்டினாலும் நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க இந்தியச் சட்டம் இடம் தராது. அப்படிப் போன பிள்ளைக்கு அங்கே ஒரு சிக்கல் வந்தால் புகார் கொடுக்கவே பயம் வரும். எண்ணைத் தடுப்பதற்கு முன் அந்த உரையாடல் முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஏதாவது ஏற்கெனவே போயிருந்தால் உடனே போலீசில் புகார் கொடுங்கள். மகளை இதற்காகத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அவள் உங்களிடம் காட்டமாட்டாள்.

அந்த ஊசியைப் பற்றி மகளிடம் நீங்களே பேசுங்கள் அக்கா. நம் வீடுகளில் 'கொஞ்சம் கலரா இருந்தா நல்லாருக்கும்' என்று பிள்ளைகள் காதுபடவே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தப் பேச்சைத்தான் ஊசி போடச் சொன்னவர் பிடித்துக்கொண்டார்.

சரி, வழி என்ன? நான் சொல்வது, எஸ்.பி.எம்-க்குப் பிறகு பள்ளியிலேயே தொடரும் ஆறாம் படிவம். கலைப் பிரிவு. ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். வீட்டிலிருந்தே போகலாம், செலவு மிகக் குறைவு. தமிழையும் சரித்திரத்தையும் அவள் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறாள். இரண்டையும் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்-இல் எடுக்கலாம். அங்கே நல்ல புள்ளி எடுத்தால் அரசுப் பல்கலைக்கழகக் கதவு திறக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் நாடகத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். ஊடகத் துறை, தமிழ், ஆசிரியர் பணி என்று மற்ற கிளைகளும் அதே பாதையில்தான் பிரிகின்றன. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். அப்போது கைகொடுக்கும்.

எஸ்.பி.எம். முடித்ததும் நேராகக் கலைக்குள் போக வேண்டும் என்று அவள் உறுதியாக நின்றால் கோலாலம்பூரில் அஸ்வாரா இருக்கிறது. நாடகம், நடனம், திரைப்படம் மூன்றுக்கும் டிப்ளோமா உள்ள அரசு நிறுவனம், பரதமும் சொல்லித் தருகிறார்கள். நேர்முகத்தில் நடித்தோ ஆடியோ காட்ட வேண்டியிருக்கும். பாடம் நடக்கும் மொழி மலாய், அதில் அவளுக்குச் சிரமம் இருக்காது. எனக்கு ஆறாம் படிவம் முதல் விருப்பம், அஸ்வாரா இரண்டாவது. காரணம் வயது மட்டும்தான். பதினேழில் தலைநகரில் தனியாகத் தங்குவதைவிடப் பத்தொன்பதில் தங்குவது அவளுக்கும் நல்லது, உங்கள் தூக்கத்துக்கும் நல்லது.

தங்கச்சி, இனி உனக்கு. அம்மா இதை உனக்குப் படித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன்.

உன் ஆசை தப்பில்லை. அதை விட்டுவிடச் சொல்லி நான் எழுதவில்லை. படிப்பு முடியும்வரை நடிப்பைத் தொடக்கூடாது என்றும் சொல்லமாட்டேன். சாய் பல்லவி தொட்டுக்கொண்டேதானே இருந்தார், விடுமுறைகளில். உனக்கும் ஆண்டு இறுதி விடுமுறை இருக்கிறது. மின்னல் எப்.எம். வானொலி நாடகங்களைக் கேள். குரலை மட்டும் வைத்து ஒரு பாட்டியை, ஒரு கங்காணியை, அழும் பிள்ளையை எப்படிக் கொண்டு வருகிறார்கள் என்று கவனி. ஆர்.டி.எம்., அஸ்ட்ரோ வானவில் தொலைக்காட்சி நாடகங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் நடிக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியலைப் படித்துப் பார். நடனத்தை முறையாகப் பழக ஆசையிருந்தால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப் பள்ளி இருக்கிறது, 1981-இல் தொடங்கியது. வாரக் கடைசியில் அப்பாவோடு போய் ஒருமுறை விசாரித்துவிட்டு வா.

நீ நடிக்க வேண்டிய கதைகள் சென்னையில் மட்டும் இல்லை. உன் வீட்டிலிருந்து கிட்டத்தில்தான் தென்னமரம் எஸ்டேட். 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு அங்கேதான் நடந்தது. அந்த மரங்களுக்கு அடியில் உழைத்த பெண்களின் பேரப்பிள்ளைகள் உன் வகுப்பில் இருக்கலாம். தோட்டத்துக் குடும்பத்தை வைத்து 2005-இல் 'செம்மண் சாலை' என்ற படம் இங்கேயே எடுக்கப்பட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்துப் பையனின் கதையான 'ஜகாட்' 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. இந்தப் பேச்சுத் தமிழ், இந்த லயத்து வீட்டு நடை, மலாய் கலந்த இந்தச் சண்டை, எல்லாம் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோவைத் தமிழ் பேசிய பெண் தெலங்கானாத் தெலுங்கைப் பழகிக்கொண்டார். உன்னிடம் மூன்று மொழி இருக்கிறது. உன் பாட்டியிடம் உட்கார்ந்து, பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றிக் கேட்டு, அவர் பேசுவது போலவே ஒரு பக்கம் எழுதி நடித்துப் பார். அதைக் காணொளியாக எடுத்துவை. அஸ்வாராவோ பல்கலைக்கழகமோ, நேர்முகத்தில் காட்ட உனக்கென்று ஒன்று இருக்கும்.

எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாயும் சரித்திரமும் தேறியாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். உனக்கு அங்கே பயமில்லை. கூடுதல் கணிதத்தில் முதலிடம் பிடிக்க வேண்டாம், தேறினால் போதும். வேதியியலும் அப்படியே. மிச்சமுள்ள வாரங்களைத் தமிழ், இலக்கியம், சரித்திரம், மலாய், ஆங்கிலத்துக்குக் கொடு. ஆங்கிலத்தை ஏ-க்குக் கொண்டு வருவது உன் கையில் இருக்கிறது.

அக்கா, அண்ணனிடமும் ஒரு வார்த்தை. அவர் பேசாமல் படுத்துக்கொள்வதை மகள் எதிர்ப்பு என்று நினைக்கக்கூடும். அடுத்த ஓய்வு நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். ஆறாம் படிவத்துக்கு எந்தப் பள்ளி, பேருந்து உண்டா என்று அவரிடமே கேட்டுவிடலாம். முடிவு வந்ததும் அரசு உயர்கல்வி நிலையங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தையும் அஸ்வாரா விண்ணப்பத்தையும் இரண்டையுமே போடுங்கள். அஸ்வாராவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தத் தேதியை அவர்கள் அகப்பக்கத்தில் இப்போதிருந்தே பார்த்து வாருங்கள். முடிவுத் தாள் கைக்கு வந்த அன்று எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். பாட வரிசையை மூன்று பேரும் உட்கார்ந்து போட்டுவிடலாம்.