'மாடு' என்ற சொல்லுக்குச் 'செல்வம்' என்ற பொருள் எப்படி வந்தது? வேறு பொருள்களும் உண்டா?

இந்தக் கேள்விக்கு ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலேயே தப்பான பதில் எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

குறள் இதுதான்:

கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு
மாடல்ல மற்றை யவை. (400)

'ஒருவனுக்குக் கல்விதான் அழியாத செல்வம்' என்பதுவரை ஒழுங்காக எழுதிவிட்டேன். அடுத்த அடிக்கு, 'மற்றபடி மாடுகள் எல்லாம் செல்வம் ஆகாது' என்று எழுதிவைத்தேன். தமிழ் ஐயா அதை வகுப்பில் உரக்க வாசித்தார். அன்றைக்கு எனக்கு என்ன பட்டப்பெயர் வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். அந்த வருடம் ஒரு காளைக்கன்றை விற்றுத்தான் எனக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்த்திருந்தார். "மாடு சொத்து இல்லேன்னா சொல்லியிருக்காரு வள்ளுவரு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவரு வீட்ல மாடு இல்ல போலருக்கு" என்றார்.

மாடு இல்லாமல் இல்லை. குறளுக்குள் ஒரு தொழுவமே இருக்கிறது. 'ஆபயன் குன்றும்' (560) என்கிறார். 'ஆவிற்கு நீரென்று இரப்பினும்' (1066) என்கிறார். புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்வது 'பெற்றம்' (273). சேற்றிலும் மேட்டிலும் விடாமல் இழுப்பது 'பகடு' (624). நிமிர்ந்து நடப்பது 'ஏறு' (59). ஆனால் 'மாடு' என்ற சொல்லை எடுக்கும் 400-ஆம் குறளில் மட்டும் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. அங்கே அது வெறும் செல்வம். 'மற்றவை செல்வம் அல்ல' என்பதுதான் அந்த அடி.

வழக்கமாக இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து, அதனால் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வந்துவிட்டது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பட்டிமன்றத்தில் கைதட்டும் கிடைக்கும். எனக்கென்னவோ வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுகிறார்கள் என்று தோன்றுகிறது.

பழைய தமிழில் அந்த விலங்குக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது: ஆ, ஆன். சங்கப் பாடல்களில் எதிரி ஊருக்குள் புகுந்து கவர்ந்து வருவது 'ஆநிரை'. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி (பழந்தமிழ் எழுத்து) நடுகல் ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல் இருக்கிறது. மாடுகளைக் கவர்ந்துவரும் சண்டை என்று பொருள். தொல்காப்பியமும் 'ஆகோள்' என்றுதான் சொல்கிறது. ஏட்டில் மட்டுமல்ல, கல்லிலும் அதே சொல். அப்படியானால், முதலில் 'மாடு' என்பது உடைமை, செல்வம் என்ற பொருளில் வழங்கி, ஊரில் எல்லோரிடமும் இருந்த முக்கியமான உடைமையாகிய அந்த விலங்கின்மேல் பிறகு போய் ஒட்டிக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். இன்றைக்கும் நகையை 'பொருள்' என்று சொல்லும் வீடுகள் உண்டே, அது மாதிரி.

இப்படி நடப்பது அதிசயமும் இல்லை. ஆங்கிலத்தில் மாடுகளைக் குறிக்கும் 'கேட்டில்' என்ற சொல் முதலில் சொத்தைத்தான் குறித்தது. மூலதனம் என்னும் 'கேப்பிட்டல்' அதற்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் வேர் ஒரே லத்தீன் சொல். சொத்து என்ற பொருளில் வந்தது கடைசியில் தொழுவத்தில் போய் நின்றுவிட்டது. லத்தீனில் கால்நடைக்கு 'பெகுஸ்' என்று பெயர், நம்முடைய வடமொழிப் 'பசு'வுக்கு உறவுக்காரச் சொல். அதிலிருந்து பணத்துக்கு 'பெகூனியா' என்ற சொல் வந்தது. மாட்டிலிருந்து பணம் பிறந்தது என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இதுதான். ஆனால் எமீல் பென்வெனிஸ்ட் என்ற பிரெஞ்சு மொழியறிஞர் 1969-இல் வந்த தம் நூலில் இதையே புரட்டிப்போட்டார். அந்த வேர்ச்சொல்லுக்கு முதல் பொருள் இடம் பெயரக்கூடிய சொத்து. கால்நடை என்பது அதற்குப் பின்னால் வந்த பொருள் என்பது அவர் வாதம்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம்முடைய 'கால்நடை'. நிலம் இருந்த இடத்தில் கிடக்கும். இது காலால் நடந்து கூடவே வரும். அரசாங்கத் துறைக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

ஆ என்ற சொல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்கேயும் போகவில்லை. காலையில் பால் பாக்கெட்டில் வருகிறது: 'ஆவின்' என்றால் பசுவினுடைய என்று பொருள். ஆயர், ஆய்ச்சி எல்லாம் அதே குடும்பம்தான். 'பசு' வடமொழியில் பொதுவாக எந்த விலங்கையும் குறிக்கும்; தமிழுக்கு வந்து பால் கொடுக்கும் மாடாகச் சுருங்கிவிட்டது. சைவ சித்தாந்தத்தில் மட்டும் அது உயிர். பாசம் என்ற கயிற்றால் கட்டுண்டு கிடப்பதால் அந்தப் பெயர்.

சரி, மற்ற பொருள்கள். மாடு என்றால் பக்கம், இடம் என்றும் உண்டு. வீடு 'வீட்டு' ஆவது போல அந்த மாடு 'மாட்டு' ஆகி, 'இடத்தில்' என்ற பொருளில் வேற்றுமை உருபு மாதிரி வேலை செய்யும். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு' (211) என்ற குறளில் வருவது இதுதான். மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்ய முடியும் என்று கேட்கிறார். நல்லவேளை, அந்தக் குறள் எங்களுக்குத் தேர்வில் வரவில்லை. மழைமாடு என்று ஓர் இனத்தையே கண்டுபிடித்திருப்பேன்.

'வரமாட்டேன்' என்பதில் இருக்கும் மாட்டு வேறு. அது இயலுதல் என்ற பொருளுடைய வினை. 'என்னால் முடியாது' என்று இருந்தது, நாளடைவில் 'முடியாது போ' என்று ஆகிவிட்டது. சட்டையை மாட்டுவது, போலீஸில் மாட்டிக்கொள்வது போன்றவற்றுக்கும் தொழுவத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பிராமண வீடுகளில் மருமகளை 'மாட்டுப்பெண்' என்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள். அது 'மாற்றுப்பெண்' என்பதன் பேச்சு வடிவம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

திட்டுவதற்கும் மாடு இல்லாமல் நமக்கு ஆகாது. சுற்றியதையே சுற்றினால் செக்குமாடு. எதைக் கேட்டாலும் தலையாட்டினால் பூம்பூம் மாடு. பொறுப்பில்லாமல் ஊரைச் சுற்றினால் கோயில் மாடு. இடக்கு பண்ணினால் சண்டி மாடு. இதில் வேடிக்கை, நாள் முழுக்க வேலை செய்கிறவனை 'மாடு மாதிரி உழைக்கிறான்' என்கிறோம். தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறவனைத் 'தடிமாடு' என்கிறோம். அந்த மாடு பிறகு எப்படித்தான் இருக்க வேண்டும்?

கடைசியாக மதுரைக்காரன் என்ற முறையில் மாட்டுத்தாவணி. பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் நடத்துநர் கூவுவது மாட்டுத்தாவணிதான். பெண்கள் கட்டும் தாவணி இல்லை இது. மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டும் கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அப்படிக் கட்டிவைத்து விற்கும் சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. என் மனைவிக்குச் சொந்த ஊர் சென்னை. கல்யாணமான புதிதில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, இந்த ஊர்ல மாட்டுக்கெல்லாம் தாவணி கட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"கட்டுவோம் தாயி. கயித்துல" என்றார் தாத்தா.