சிட்டி பாப் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

70கள் கடைசியிலயும் 80கள்லயும் டோக்கியோ ஸ்டூடியோக்கள்ல உருவான இந்த ஜப்பான் பாப் பாட்டுங்கள நான் பத்து வருஷமா விடாம கேட்டுட்டு இருக்கேன். கேள்வி வந்த வரிசைலயே பதில் போடறேன்.

பழைய ஜப்பான் பாட்டு எல்லாமே சிட்டி பாப் தானா ப்ரோ?

இல்லப்பா. அங்க 'எங்கா'ன்னு ஒரு பாட்டு வகை இருக்கு, பிரிவு, சாராயம், சொந்த ஊரு நெனப்புன்னு குரல நடுங்க விட்டு இழுத்துப் பாடுவாங்க, அது வேற. சிட்டி பாப்போட வேர் சுகர் பேப் மாதிரி பேண்டுங்க, யமாஷிதா தட்சுரோவும் ஓனுகி டயேகோவும் அதுல இருந்தவங்க, 1975ல ஒரே ஒரு ஆல்பம். அமெரிக்க சோல், ஃபங்க் இசை எல்லாம் ஊறிப்போன பசங்க. அப்புறம் 1979 ஜூலைல வாக்மேன் வந்துச்சு, கார்ல கேசட் வந்துச்சு, 1980ல டோக்கியோ பக்கம் மிதாகால ரெக்கார்ட வாடகைக்கு விடற கடை திறந்தாங்க, எல்பிய எடுத்துட்டு வந்து ராத்திரி கேசட்ல ஏத்திட்டு மறுநாள் திருப்பிக் குடுத்துடலாம். நடந்துக்கிட்டே, வண்டி ஓட்டிக்கிட்டே கேக்கறதுக்கான பாட்டு, அதான் அதுல அப்படி ஒரு ஓட்டம் இருக்கு.

யூட்யூப் தானாவே எனக்கு 'பிளாஸ்டிக் லவ்' போட்டுச்சுண்ணா, அது எப்படி?

எல்லாரும் உள்ள வந்த வாசல் அதுதான். அதப் பாடின டகேயுச்சி மரியா கொஞ்ச நாள் பாடறத நிறுத்தி வெச்சிருந்தாங்க, 1982ல யமாஷிதாவ கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, 1984ல இந்தப் பாட்டு இருக்கற 'வெரைட்டி' ஆல்பத்தோட திரும்பி வந்தாங்க. பாட்டு மொத்தமும் அவங்களே எழுதி மெட்டுப் போட்டது, இசைக்கோர்ப்பு வீட்டுக்காரர். 2017ல யாரோ ஒரு ரசிகர் ஏத்துன வீடியோ கோடிக்கணக்கான பேர்கிட்ட போச்சு. அதுல இருந்த சிரிக்கற படம் இந்தப் பாட்டோடதே இல்ல, 1980ல வந்த வேற ஒரு சிங்கிளுக்கு (தனியா வர்ற சின்ன ரெக்கார்டு) லாஸ் ஏஞ்சல்ஸ்ல எடுத்தது. போட்டோகிராஃபர் உரிமை கேட்டதால வீடியோவையே கொஞ்ச காலம் தூக்கிட்டாங்க. அவர் கேட்டது நியாயம்தான்னு நான் நினைக்கறேன்.

எதுல ஆரம்பிக்கலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

யமாஷிதாவோட 'ஸ்பார்க்கிள்', 1982ல வந்த 'ஃபார் யூ' ஆல்பத்துல முதல் பாட்டு. ஹெட்போன் மாட்டிக்கோங்க. முதல்ல கிட்டார் மட்டும் வரும், அவரே டெலிகாஸ்டர்ங்கற ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார்ல வாசிக்கறது, வலது கை ஒரு நொடி கூட நிக்காது, கம்பிய இடது கை அமுக்கி விடறதுல மட்டும் சத்தம் வெட்டி வெட்டி வரும், அங்க அத கட்டிங்னு சொல்வாங்க. அப்புறம் அவோயாமா ஜுன் டிரம்ஸும் இட்டோ கோகி பேஸ் கிட்டாரும் சேர்ந்து இறங்கும் பாருங்க, மேல பிராஸ், அதாவது டிரம்பெட் மாதிரி ஊதற வாத்தியங்க வரும், எனக்கு இன்னிக்கும் அந்த இடத்துல சிலிர்க்குது. 'பிளாஸ்டிக் லவ்'லயும் இதே ரெண்டு பேர்தான். இதெல்லாம் வெறும் "வைப்"னு சொல்லி பேக்ரவுண்ட்ல ஓட விடறாங்க, எனக்கு மனசு கேக்காது. ஆளுங்க கையால வாசிச்சது இது, அவங்க பேர தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அவோயாமா 2013ல காலமாயிட்டாரு.

ஸ்பாட்டிஃபைல யமாஷிதாவோட பழைய ஆல்பம் எதுவும் இல்லையே அண்ணா?

ஆமா, அவர் விரும்பல. 2023ல பழைய ஆல்பங்கள எல்பியாவும் கேசட்டாவும் மறுபடி போட்டாங்க, அது கிடைச்சா பாருங்க.

மட்சுபரா மிகி இப்பவும் பாடறாங்களா?

இல்லம்மா, 2004ல கேன்சர்ல போயிட்டாங்க, 44 வயசு. 'மயோனாகா நோ டோவா', அதாவது நள்ளிரவுக் கதவு, 1979 நவம்பர்ல வந்த அவங்களோட முதல் சிங்கிள், அப்ப வயசு 19. ஹயாஷி டெட்சுஜி மெட்டு. 2020 கடைசில டிக்டாக்ல ஜப்பான் வம்சாவளிப் புள்ளைங்க வீட்டுல இந்தப் பாட்டப் போட்டு விட, அம்மாங்க கேட்டதும் மூஞ்சி மலர்ந்து கூடவே பாடினாங்க, டிசம்பர்ல ஸ்பாட்டிஃபை உலக வைரல் லிஸ்ட்ல முதல் இடம். அத அவங்க பாக்கலையேன்னு நினைச்சா இப்பவும் தொண்டைய அடைக்குது. அவங்க அந்த ஒரு பாட்டு மட்டும் இல்ல, 1991ல குண்டம் 0083 அனிமேக்கு பாடின 'தி வின்னர்' கேளுங்க, அதே குரல் எவ்ளோ தெம்பா நிக்குதுன்னு தெரியும்.

'தி வீக்எண்ட்'ங்கற பாடகரோட பாட்டுல ஜப்பான் சாம்பிள் (பழைய பாட்டுலருந்து எடுத்த துண்டு) இருக்காமே?

'அவுட் ஆஃப் டைம்', 2022. எடுத்தது அரான் டோமோகோவோட 'மிட்நைட் பிரிடெண்டர்ஸ்', 1983. ஒரிஜினல் இன்னும் நிதானமா போகும்.

பழைய எல்பி வாங்கலாம்னு இருக்கேன், "ஓபி"னு போட்டு விலை ஏத்தறாங்களே, அது என்ன?

அட்டையோட ஓரத்துல கிமோனோ இடுப்புப் பட்டி மாதிரி சுத்தி வர காகிதப் பட்டைதான் ஓபி, விலையும் விளம்பர வரியும் அதுலதான் அச்சடிச்சிருப்பாங்க. மெல்லிசு, மடிப்புல சீக்கிரம் கிழியும், நிறைய பேர் அப்பவே தூக்கிப் போட்டாங்க, அதனாலதான் இருக்கற காப்பிக்கு கூட விலை. என்கிட்ட அன்ரியோட 'டைம்லி!!' இருக்கு, 1983, ஓபி போட்டோ காட்டி வித்த ஒருத்தர் அது இல்லாம அனுப்பிட்டாரு, அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி ஓபி உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. பாட்டுக்காக மட்டும் வாங்கறீங்கன்னா ஓபி இல்லாதத எடுங்க, கேக்கறதுல ஒரு வித்தியாசமும் வராது, மிச்சக் காசுல இன்னொரு எல்பி வாங்கிடலாம்.