அறங்காவலர் பதவி: அப்பாவின் தோப்புக் குத்தகை தடையாகுமா?

தடைதான். கல்குளம் பக்கம் உங்கள் ஊர்க் கோயிலின் தென்னந்தோப்பை அப்பா பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்திருக்கிறார், அவர் அதே கோயிலில் அறங்காவலராக விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி, கோயில் சொத்தில் நடப்புக் குத்தகை உள்ளவர் அறங்காவலர் ஆக முடியாது. பாட்டப் பாக்கி இருந்தாலும் அதே கதைதான். முதலில் தோப்பை விட்டுக்கொடுத்து, கணக்கை முடித்து, ரசீதை வாங்கிக்கொள்ளட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. கோயில் பழைய திருவிதாங்கூர் தேவஸ்வத்தை, அதாவது அந்த சமஸ்தானத்துக் கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்ததா? 1956 நவம்பர் 1-ல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கூடவே வந்த கோயில்கள் அவை. அவற்றுக்குத் தனித்தனிக் குழு கிடையாது. மாவட்டத்துக்கே பொதுவான ஒரே அறங்காவலர் குழு, அலுவலகம் சுசீந்திரத்தில். உங்களுடையது அந்தப் பட்டியலில் இருந்தால் ஊர்க் கோயிலுக்கென்று விண்ணப்பிக்கவே வழியில்லை.

இல்லையென்றால் சரி, மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழு. அதில் ஒரு பெண்ணும், ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் ஒருவரும் கட்டாயம். தலைவரை அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் இரண்டே வருடம். அப்புறம் புதுக் குழு வரும்வரை பெரும்பாலும் அறநிலையத் துறை நியமிக்கும் பொறுப்பாளரான தக்கார்தான் பார்ப்பார். இரண்டு வருடப் பதவிக்காகக் காய்க்கிற தோப்பை விடுவதா என்பதை அப்பாவிடமே கேளுங்கள்!