தோழியோடு கட்ச் பயணம்: தோலாவிராவுக்கு அரை மணி நேரம்தானா?

கேள்வி: எனக்கு 48 வயது, மும்பை செம்பூரில் இருக்கிறேன். நெருலில் ஏறும் என் தோழியும் நானும் பல வருடமாக ஒரே லோக்கலில், லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் சி.எஸ்.எம்.டி. வரை போய்வருகிறோம். அவளும் தமிழ்தான். தினமும் எனக்கு மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் நாலாவது இடமாவது பிடித்து வைப்பாள். வரும் ஜனவரியில் முதல்முறையாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஐந்து நாள் குஜராத்தின் கட்ச் போகிறோம். எனக்கு இதில் ஒரே ஆசை அங்கே இருக்கும் பழைய சிந்துவெளி நகரமான தோலாவிராதான். கீழடிச் செய்திகள் வர ஆரம்பித்ததிலிருந்து சிந்துவெளி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டத்தில் தோர்டோ உப்புவெளியில் டென்ட், மாண்ட்வி பீச், நாராயண் சரோவர், புஜோடியில் ஷாப்பிங் எல்லாம் இருக்கிறது. தோலாவிராவுக்கு நேராக மட்டும் 'நேரம் இருந்தால், அரை மணி' என்று போட்டிருக்கிறாள். "இடிஞ்ச சுவத்தைப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்கிறாள். நானும் சரி சரி என்று சொல்லிவிட்டேன். விட்டுக்கொடுத்துவிடவா, தனியாக இன்னொரு முறை போகவா, இல்லை அவளையும் இழுத்துக்கொண்டு போகவா?
பெயர் வேண்டாம், மும்பை

பதில்: மூன்றும் வேண்டாம். அந்த "சரி சரி"யைத்தான் முதலில் திரும்ப வாங்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவள் செய்த தப்பு என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவள் திட்டம் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது, உயிரே அதில்தான் இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறையாவது அவளிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் 'அரை மணி' என்று எழுதியிருக்க மாட்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன், ஏனென்றால் தினமும் கூட்டத்தில் இடித்துப் பிடித்து உங்களுக்கு இடம் வைப்பவள் உங்கள் ஆசையைச் சின்னதாக நினைக்கிற ஆள் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் நட்பு முழுக்க ரயிலில் வளர்ந்தது. ஒரு மணி நேரம் பேச்சு, அப்புறம் இறங்கி அவரவர் ஆபீஸ். அவளுக்குக் காலையில் காபி குடிக்கும் வரை பேசப் பிடிக்குமா, இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாள், பசி வந்தால் முகம் எப்படி மாறும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. உங்களைப் பற்றி அவளுக்கும் தெரியாது. லோக்கலில் மனஸ்தாபம் வந்தால் அடுத்த நாள் வேறு பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். ரண் என்கிற அந்த உப்புப் பாலையில் அது நடக்காது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை உப்பு, நடுவில் ஒரு ரோடு, காரில் நீங்கள் இரண்டு பேரும் டிரைவரும். மனதில் வைத்துக்கொண்டு போகும் குறை அங்கே இரண்டு மடங்காகத் தெரியும். அதனால் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுவது ரொம்ப முக்கியம்.

எப்படிப் பேசுவது? நீட்டி முழக்க வேண்டாம். "எனக்கு தோலாவிராவில ஒரு ராத்திரி தங்கணும். மறுநாள் காலையில மூணு மணி நேரம் நான் பாட்டுக்குச் சுத்தணும். நீ வந்தாலும் சந்தோஷம், ரூம்ல தூங்கினாலும் சந்தோஷம், எனக்கு இது வேணும்." இவ்வளவு போதும். கூடவே, "உனக்கு இந்த ட்ரிப்ல விடவே கூடாதுங்கறது எது?" என்று கேளுங்கள். பட்டியலில் நாலு இடம் இருந்தாலும் அவள் மனதில் ஒன்றுதான் இருக்கும். என் ஊகம், அது நாராயண் சரோவர். பஞ்ச சரோவரம் என்னும் ஐந்து புனிதக் குளங்களில் ஒன்று அது, வீட்டில் யாருக்காவது வேண்டுதல்கூட இருக்கலாம். அதுதான் என்றால், அங்கே நீங்கள் மணிக்கட்டைப் பார்க்காமல், போனை நோண்டாமல், அவள் குளத்தங்கரையில் உட்காரும் வரை கூட உட்காருங்கள். உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற பொறுமையை அங்கே நீங்கள் கொடுங்கள்.

அந்தப் பக்கம் போகும்போது உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. நாராயண் சரோவரிலிருந்து கொஞ்ச தூரத்தில் லக்பத். ஒரு காலத்தில் பெரிய துறைமுக ஊர். 1819 ஜூனில் வந்த பூகம்பத்தில் நிலம் மேடாகி, அதில் பிறந்த திட்டுக்கு அல்லா பந்த் என்று பேர் வந்தது, சிந்து நதியின் தண்ணீர் இந்தப் பக்கம் வருவது நின்றது, வியாபாரம் போனது, ஜனங்களும் போனார்கள். சுமார் 7 கி.மீ. சுற்றளவுள்ள கோட்டைச் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது, உள்ளே சில குடும்பங்கள், ஒரு குருத்வாரா, நிறைய வெற்றிடம். மதில்மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கம் கோரி க்ரீக் என்ற கடல் கழியின் சேற்று வெளி. ஃபோட்டோ எடுக்கப் பிடிக்கும் தோழியாக இருந்தால் லக்பத் அவளுக்கு நிச்சயம் பிடித்துப்போகும். தண்ணீர் விலகிப்போனதால் ஒரு ஊர் செத்தது என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள் என்றால், தோலாவிராவுக்கு நீங்கள் தனியாக முன்னுரை சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் இந்தப் பக்கத்தை முதலில் வைத்துக்கொண்டு தோலாவிராவைப் பிறகு வையுங்கள்.

இனி தோலாவிரா. அரை மணி நேரம் ஏன் போதாது என்று அவளுக்குச் சொல்ல உங்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காதிர் என்ற தீவின் ஒரு மூலையில் இருக்கிறது இந்த நகரம், சுற்றிலும் பெரிய ரண். 1960-களின் கடைசியில் தொல்லியல் துறையின் ஜகத்பதி ஜோஷி வெளியே கொண்டுவந்தார், 1990 வாக்கில் ஆர். எஸ். பிஷ்ட் தலைமையில் பெரிய அளவில் அகழாய்வு தொடங்கிப் பல வருடம் நடந்தது, 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. ஏறக்குறைய கி.மு. 3000 முதல் 1500 வரை மனிதர்கள் வாழ்ந்த இடம். மொகஞ்சதாரோ, ஹரப்பா என்றால் நமக்குச் செங்கல்தான் ஞாபகம் வரும், இங்கே பெரும்பாலும் கல். கோட்டைப் பகுதி, நடு நகரம், கீழ் நகரம் என்று மூன்று அடுக்கு.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது தண்ணீரை. மழை சொற்பம், பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது, சுற்றிலும் உப்பு. வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்று மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகள். அந்த ஓடைகளில் தடுப்பணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, நகரத்தின் சரிவைப் பார்த்துப் பார்த்து ஒன்றன் பின் ஒன்றாகக் குளங்கள் வெட்டி நிரப்பியிருக்கிறார்கள். சிலது கட்டிய குளம், சிலது பாறையைக் குடைந்தே வெட்டியது. கிழக்குப் பக்கப் பெரிய நீர்த்தேக்கத்தின் விளிம்பில் நின்று கீழே பாருங்கள், படிகள் இறங்கிக்கொண்டே போகும். அந்தச் சரிவு கண்ணுக்குப் பிடிபட வேண்டுமானால் மேலே கோட்டையிலிருந்து கீழ் வரை காலால் நடக்க வேண்டும், காரை நிறுத்திவிட்டு ஒரு செல்ஃபி எடுத்துத் திரும்பினால் வெறும் கல் குவியல்தான் தெரியும். உங்கள் தோழி சொல்வது அந்த வகையில் சரிதான். அவசரமாகப் பார்த்தால் அது இடிந்த சுவர்தான்.

அவளிடம் ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்கள் என்றால் நான் கோட்டைக்குள் இருக்கும் கிணற்றைச் சொல்வேன். அதன் விளிம்புக் கல்லில் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளங்கள் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் பழைய கல் கிணறு எதையாவது பார்த்திருந்தால் உடனே புரிந்துவிடும். வேறு எதையும் விளக்க வேண்டாம். தேதி, அடுக்கு, கட்டம் என்று அவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தீர்கள் என்றால் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடுவாள், ஆர்வம் இருக்கும் நீங்களும் வாடிவிடுவீர்கள். ஒரு கிணறு போதும், கேள்வி அவளிடமிருந்து வந்தால் அப்புறம் சொல்லுங்கள்.

கீழடியில் ஆரம்பித்தவர் நீங்கள் என்பதால் உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வடக்கு வாசல் அருகே பத்துப் பெரிய எழுத்துக்கள் கொண்ட பலகை ஒன்று கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், வெள்ளை ஜிப்சத்தில் செய்த எழுத்துக்கள், மரப்பலகை மக்கிப்போய் எழுத்துக்கள் மட்டும் மிஞ்சின. அதை எப்படி வாசிப்பது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இன்று வரை இல்லை. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் வாழ்நாளின் பெரும் பகுதியை இந்த எழுத்துக்குக் கொடுத்தார், திராவிடச் சார்பு உண்டு என்று வாதாடினார், 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதைப் புரிந்துகொள்ளும் வழி கண்டுபிடிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்த ஆசையோடு போங்கள், நானும் அதே ஆசை உள்ளவள்தான். ஆனால் அந்த வாசலில் நிற்கும்போது முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். தெரியாத ஒன்றுக்கு முன்னால் நிற்பதே பெரிய அனுபவம், அதை நம் பெருமைக்காகச் சுருக்கிக்கொள்ள வேண்டாம்.

திட்டம் இப்படிப் போட்டால் இரண்டு பேருக்கும் சரியாக வரும். முன்பெல்லாம் கட்சின் தலைநகரான புஜ்ஜிலிருந்து பச்சாவ், ராப்பர் வழியாக 200 கி.மீ.க்கு மேல் சுற்ற வேண்டும், அதனால்தான் பலரும் தோலாவிராவை விட்டுவிடுவார்கள். இப்போது காவ்டா பக்கத்திலிருந்து ரண்ணுக்குக் குறுக்கே ரோடு வந்துவிட்டது, 'ரோட் டு ஹெவன்' என்கிறார்கள், ஏறக்குறைய 30 கி.மீ.க்கு இரண்டு பக்கமும் ரண்தான். வெள்ளை உப்பைப் பார்க்கத்தானே அவள் தோர்டோ கேட்கிறாள், இந்த வழியிலேயே அது வந்துவிடுகிறது, கூட்டமும் குறைவு. போகிற வழியில் பிரண்டியாராவில் நிறுத்தி மாவா வாங்கிச் சாப்பிடுங்கள், பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது, அந்த ஊரின் பெருமை. பொழுது சாயும் நேரம் அந்த ரோட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அது அவள் நேரம், எத்தனை ஃபோட்டோ வேண்டுமானாலும் எடுக்கட்டும், நீங்கள் எடுத்துக் கொடுங்கள். இரவு தோலாவிரா அருகிலேயே தங்குங்கள், 'புங்கா' (bhunga) என்று சொல்லும் வட்டமான மண் குடிசை மாதிரி அறைகள் கிடைக்கும். மறுநாள் விடிந்ததும் நீங்கள் தளத்துக்கு. அவள் தூங்கி எழுந்து டீ குடித்து மெதுவாக வரட்டும். வெள்ளிக்கிழமையாக மட்டும் அது அமையாமல் பாருங்கள், தொல்லியல் துறை மியூசியங்களுக்கு அன்றுதான் விடுமுறை.

தோர்டோ டென்ட்டும் வேண்டும் என்று அவள் நின்றால் ஒரு ராத்திரி கொடுங்கள். ஆனால் பௌர்ணமி சமயத்தில் வாடகையும் கூட்டமும் எகிறிவிடும், இதைப் பற்றி உங்கள் பட்ஜெட்டை வெட்கப்படாமல் சொல்லுங்கள். பொதுச் செலவுக்கு ஒரே பர்ஸ், இரண்டு பேரும் சம அளவு போட்டு, ஒருத்தர் கையில். புஜோடியில் அவள் வாங்கும் சால்வை அவள் காசு. இதை முதல் நாளே முடித்துவிட்டால் ஐந்து நாளும் யாரும் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. மாண்ட்வியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து, கடலைப் பார்க்க மும்பைக்காரர்கள் கட்ச் வரை போக வேண்டாம்.

அப்படியும் அவள் "எனக்கு அந்தப் பக்கமே வேண்டாம்" என்று சொன்னால்? சொல்லலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை. அவள் புஜ்ஜில் தங்கி புஜோடி, அஜ்ரக்பூர் என்று நெசவும் அச்சும் பார்க்கட்டும், ஸ்மிருதிவனம் போகட்டும், 2001 பூகம்பத்தில் இறந்தவர்களுக்காக எழுப்பியது, பார்க்க வேண்டிய இடம். நீங்கள் தனி கார் எடுத்து, அந்தச் செலவை நீங்களே போட்டுக்கொண்டு, தோலாவிரா போய் மறுநாள் திரும்புங்கள். ஐந்து நாளில் ஒரு நாள் பிரிந்திருப்பது நட்புக்கு நல்லதுதான். வாட்ஸ்அப்பில் வேண்டாம், முகத்தைப் பார்த்துப் பேசி முடிவெடுங்கள்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. டிரைவரை நீங்கள் தங்கும் இடத்தின் மூலமாக ஏற்பாடு செய்வது நல்லது, இருட்டிய பிறகு நீண்ட தூரம் போக வேண்டாம். தோர்டோ வெள்ளை ரண்ணுக்கு பெர்மிட் எடுக்க வேண்டும், எல்லைப் பகுதி என்பதால் ஆதார் கையிலேயே இருக்கட்டும். காதிர் பக்கம் போன் சிக்னலை நம்ப வேண்டாம், பணமாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், காரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். தளத்தில் நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல பிடிமானமுள்ள ஷூ. ஜனவரி இரவில் குளிர் மும்பைக்காரர்களுக்குப் பழக்கமில்லாத அளவில் இருக்கும், கட்சில் இருக்கும் நலியாதான் குஜராத்திலேயே குளிருக்குப் பேர்போன இடம், ஸ்வெட்டரோடு ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தில் காலடியில் பானை ஓடுகள் கிடக்கும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடுக்காதீர்கள், அவளையும் எடுக்க விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதைவிட, இடம் மாறிய ஓடு ஆராய்ச்சிக்குப் பயன்படாது.

போவதற்கு தாதரிலிருந்து சயாஜிநகரி எக்ஸ்பிரஸ், பாந்த்ரா டெர்மினஸிலிருந்து கட்ச் எக்ஸ்பிரஸ், இரண்டுமே ராத்திரி முழுக்க ஓடிக் காலையில் புஜ் போய்விடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், ஜனவரி என்றால் சீக்கிரம் நிரம்பும். அந்தத் தேதிக்கு முன்பே அவளிடம் பேசிவிட்டு, தோலாவிரா இரவை எந்த நாளில் வைப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்த பிறகு டிக்கெட் போடுங்கள்.